பிள்ளை படிக்கட்டும், வீடியோ கால் கொஞ்சம் காத்திருக்கட்டும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக்காரங்களுக்கு ரோமிங் என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். களியக்காவிளை தாண்டினால் தமிழ்நாடு சர்க்கிள். ஒரு காலத்தில் வீட்டுத் திண்ணையில் இருக்கும்போதே போன் அந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கும். வருகிற காலுக்கும் காசு போகும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, 2017 ஏப்ரலில் ஏர்டெல்லும் ரோமிங் கட்டணத்தை எடுத்ததோடு அந்தத் தொல்லை ஒழிந்தது.

அதற்குப் பிறகு வளர்ந்த நம்ம பிள்ளைகளுக்கு நெட் என்பது கிணத்துத் தண்ணி. தினம் 1.5 ஜிபி, 2 ஜிபி. தீர்ந்தாலும் ராத்திரி 12 மணிக்கு மறுபடி ஊறும்.

அதே பிள்ளை ஜெர்மனிக்குப் படிக்கப் போனால் கதை வேறு. அங்கே பெரும்பாலும் மாதக் கணக்கு. தீர்ந்தால் மாசக் கடைசி வரை ஆமை வேகம்தான். வாடகை அறையில் நெட் இல்லையென்றால், பல கம்பெனிகள் 24 மாத ஒப்பந்தம் கேட்கும். விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் போட்ட 11,904 யூரோவில் மாதம் 992 தான் கைக்கு வரும். வாடகை, சாப்பாடு, இன்சூரன்ஸ் எல்லாம் அதற்குள்.

எல்லைத் தொல்லையும் அங்கே உண்டு. கான்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் அச்சு அசல் நம்ம பாறசாலைதான். எல்லையைத் தாண்டினால் சுவிட்சர்லாந்து. 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தனி ரோமிங் கட்டணம் இல்லை. ஆனால் சுவிஸ் அந்த ஒன்றியத்தில் இல்லை. பிளானில் சுவிஸ் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் விட்டால் பில் எகிறும்.

சரி, இருக்கிற டேட்டா எங்கே போகிறது? பாடத்துக்கா? வங்கிக்காரன் என்பதால் கணக்கே போட்டுவிடுகிறேன். ஜூம் சொல்லும் அளவுப்படி, இரண்டு பேர் 720பி தரத்தில் வீடியோவில் பேசினால் மணிக்கு 1 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். குரல் மட்டும் என்றால் 40 எம்பிக்குள். தினம் அரை மணி நேரம் வீட்டோடு பேசினால், வீடியோவுக்கு மாதம் 16 ஜிபி. குரலுக்கு அரை ஜிபி சொச்சம்!

ஆக, பிள்ளையின் டேட்டாவைத் தின்பதில் பெரிய பங்கு நம்முடையது. சாப்பிட்டானா, மெலிந்துவிட்டானா என்று முகம் பார்த்தால்தான் அம்மாவுக்குத் தூக்கம் வரும். அது நியாயம்தான். ஆனால் மாசக் கடைசியில் பாட வீடியோ ஓடாமல் சுற்றிக்கொண்டிருப்பது அவன் தலையில் விடிகிறது. கேமராவை அணைத்தால் "இப்பவே மாறிட்டான்" என்று ஒரு பேச்சு. டேட்டா இல்லை என்று சொல்ல அவனுக்கும் கூச்சம். கடன் வாங்கி அனுப்பிய அப்பாவிடம் இன்னும் பணம் கேட்பது மாதிரி ஆகிவிடுமே!

ஒரு வழி இருக்கிறது. 2003இல் ஐரோப்பாவில் தொடங்கிய எடுரோம் வைஃபை இன்று பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் உண்டு. நம்ம ஊரில் ராத்திரி 8 மணி என்றால் ஜெர்மனியில் மாலை நாலரை, குளிர்காலமென்றால் அதைவிட ஒரு மணி நேரம் முன்னே. பிள்ளை இன்னும் கேம்பஸில்தான் இருப்பான். வாரம் இரண்டு நாள் அந்த நேரத்தில் வீடியோவில் பேசுங்கள். நாளைய பாடத்தையும் அங்கேயே இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். மற்ற நாளுக்குக் குரல் போதும்.

ஊரில் விமானம் ஏற்றிவிடக் காத்திருக்கும் அண்ணன், அக்காவுக்கு இதைச் சொல்லுங்கள். பெட்டியில் ஊறுகாய் வைப்பதற்கு முன் இந்தப் பேச்சை வீட்டில் பேசி முடித்துவிட வேண்டும்.