முதுமையிலும் துணை வேண்டும்

வீட்டில் உள்ளவர்கள் வெளியே சென்றதும் முதிய நாய் ஊளையிடுகிறது, கதவைப் பிறாண்டுகிறது. இதைப் பிடிவாதம் என்று எண்ணிச் சிலர் அதட்டுகின்றனர். அண்டைவீட்டார் புகார் செய்வார்களோ என்று அஞ்சி, வேறு சிலர் நாயைப் பிறரிடம் கொடுத்துவிட நினைக்கின்றனர். இரண்டுமே சரியான தீர்வல்ல.

வயதாகும்போது நாயின் பார்வை மங்கும், செவித்திறன் குறையும், மூட்டுகள் வலிக்கும். சில நாய்களுக்கு மூளையின் செயல்பாடும் தளர்வதால், பழகிய வீடே புதிய இடமாகத் தோன்றும். அந்நிலையில் தனிமை அச்சத்தைத் தருகிறது. அஞ்சும் உயிரைத் தண்டித்தால் அச்சம் கூடுமே தவிரக் குறையாது.

ஆகவே, முதலில் நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலியோ நோயோ இருந்தால் சிகிச்சை அளிக்கலாம். பிறகு, தனிமைக்குச் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். தொடக்கத்தில் ஓரிரு நிமிடம் மட்டும் வெளியே சென்று, அது பதறுவதற்குள் திரும்பிவிடலாம். நேரத்தை மெல்ல நீட்டிக்கலாம். வீட்டினரின் வாசனை உள்ள பழைய சட்டையை அதன் படுக்கையில் விரிக்கலாம். பார்வை குறைந்த நாய் தடுமாறாமலிருக்க, மேசை நாற்காலிகளை இடம் மாற்றாமல் வைக்கலாம்.

வேலைக்கும் பள்ளிக்கும் செல்வோருக்கு இதற்கு நேரம் ஏது என்று சிலர் கேட்கலாம். பொறுப்பைக் குடும்பத்தினர் பகிர்ந்துகொண்டால் சுமை குறையும். பழக்கும் நாள்களில் உறவினர் ஒருவரைத் துணைக்கு இருக்கச் சொல்லலாம். வீவக வீடுகளில் ஓசை சுவரைத் தாண்டும் என்பதால், அண்டைவீட்டாரிடம் நிலைமையை முன்கூட்டியே விளக்குவதும் நல்லது.

குட்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் நாளிலேயே அதன் முதுமைக்கும் அக்குடும்பம் பொறுப்பேற்கிறது.