குலசாமி கேட்கும் வாடகை வீடு

போன வருடம் என் சித்தி மகளுக்கு மதுரையில் ஓர் ஐ.டி. நிறுவனத்தில் வேலை கிடைத்தது. மேலூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் சேரியிலிருந்து அப்படி ஒரு வேலைக்குப் போகும் முதல் பெண் அவள். அலுவலகம் இலந்தைக்குளம் பக்கம். இரவு ஷிப்டும் உண்டு என்பதால் ஊரிலிருந்து வந்து போக முடியாது. கூட வேலை பார்க்கும் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து ஒரு வீடு எடுத்துக்கொள்ளட்டும் என்று நானும் அவளுமாக அண்ணா நகர், கே.கே. நகர், வண்டியூர், ஒத்தக்கடை என மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்தோம்.

"எந்தூரும்மா?"

"மேலூர்ப் பக்கம்ங்க."

"மேலூர்ல எங்கிட்டு?"

ஊர்ப் பெயரைச் சொன்னால், "ஊருக்குள்ளயா, வெளியவா?" அதையும் மழுப்பினால் கடைசியாக அந்தக் கேள்வி வரும்: "குலசாமி எது?"

எங்களிடம் பேசியவர்களில் ஒருவர்கூட நீ என்ன சாதி என்று நேராகக் கேட்கவில்லை. அந்த அளவுக்கு நாகரிகம் வந்துவிட்டது. சென்னையில் செய்வதுபோல 'சைவம் மட்டும்' என்று பலகை மாட்டி இங்கே வடிகட்டவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குடலும் தலைக்கறியும் வேகாத தெரு மதுரையில் குறைவு. கறி தின்னும் இடைநிலைச் சாதி வீட்டுக்காரர் கறியைக் காரணம் காட்ட முடியாதல்லவா? ஆகவே சாமியைக் கேட்கிறார்கள். குலசாமியின் பெயரும் அது இருக்கும் ஊரும் தெரிந்துவிட்டால் தாசில்தார் கையெழுத்தே தேவையில்லை.

மூன்றாவது ஞாயிறு ஒரு வீட்டுப் படியேறும்போது அவள் கேட்டாள்: "அண்ணே, பாண்டி கோயில்னு சொல்லிரவா?" பாண்டி முனி எல்லாச் சாதிக்காரர்களும் கிடா வெட்டும் சாமி. கோயிலும் அவள் அலுவலகத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அப்படியே சொன்னாள். அந்த அம்மா சிரித்துவிட்டுக் கேட்டார்: "அது எல்லாருக்கும் சாமிதான். உங்க சாமி எது?"

கடைசியில் கிடைத்தது, உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கும் ஒரு வீடு. தரகர் மட்டும்தான் பேசினார். அதே தெருவில் அதே அளவு வீட்டுக்குக் கேட்டதைவிட மாதம் 2,500 ரூபாய் கூடுதல். சாமியைக் கேட்காததற்கான விலை என்று நான் அதை எடுத்துக்கொண்டேன்.

மதுரையில் வீட்டு வாடகை ஏறிவிட்டது என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். ஏறத்தான் செய்கிறது. இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் வளாகங்கள் முன்பே வந்துவிட்டன. 2025 பிப்ரவரி 18 அன்று மாட்டுத்தாவணியில் டைடல் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது: 9.97 ஏக்கர், 5.34 லட்சம் சதுர அடி, 314 கோடி ரூபாய். கட்டடம் எழுவதற்கு முன்பே அதன் நிழல் விலைக்குப் போய்விடும் என்பதுதான் நம் ஊர் மனை வியாபாரத்தின் இலக்கணம். தோப்பூரில் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரியில். அன்று முதல் 'எய்ம்ஸ் அருகில்' என்று எத்தனை மனைகள் விற்றிருக்கும்! திருமங்கலம் – ஒத்தக்கடை மெட்ரோ திட்டத்தை ஒன்றிய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது. அதை நம்பி ஏற்றிய மனை விலையை யார் திருப்பி அனுப்புவது?

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வர்க்கக் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஐ.டி. சம்பளக்காரர்கள் வருகிறார்கள், வாடகை ஏறுகிறது, ஏழைகளும் நடுத்தர வர்க்கமும் விளிம்புக்குத் தள்ளப்படுகிறார்கள் என்பது அந்தக் கணக்கு. தவறில்லை. ஆனால் அந்த 'ஐ.டி. சம்பளக்காரர்' யார்? மதுரையில் என் நண்பர்கள் பலர் மாதம் 15,000, 18,000 ரூபாய்க்குத்தான் வேலையில் சேர்ந்தார்கள். ஆதிக்க சாதிப் பையனுக்கும் அந்தச் சம்பளத்தில் வாடகை கடினம்தான், ஒத்துக்கொள்கிறேன். அவனுக்கு நகரத்தில் ஒரு மாமா வீடு இருக்கும், அல்லது மாமாவுக்குத் தெரிந்தவர் வீடு இருக்கும். அவன் பார்க்கும் பத்து வீடும் அவனுக்குத் திறந்திருக்கும். பணம் மட்டும்தான் பிரச்சினை. என் தங்கைக்குப் பத்தில் ஒன்றோ இரண்டோதான் திறக்கின்றன. தட்டுப்பாடு வந்தால் விலை ஏறும் என்று பொருளாதாரப் பாடத்தில் படிக்கிறோம். அவளுக்கு மட்டும் ஊரே தட்டுப்பாட்டில் இருக்கிறது. சாதியும் வாடகையும் இங்கே இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் அல்ல. வாடகை ஏற ஏற, வரிசையில் நிற்கும் ஆட்கள் கூடக்கூட, வீட்டுக்காரருக்குத் 'தேர்ந்தெடுக்கும்' வசதியும் கூடுகிறது. ஆளே வராத காலத்தில் சாமியைக் கேட்காமல் கொடுத்தவரும் இப்போது கேட்கிறார்.

இது என் சொந்த மனக்குறை என்று ஒதுக்க வேண்டாம். சுகதேவ் தோரட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் டெல்லி வட்டாரத்தில் வெவ்வேறு சாதி, மதப் பெயர்களோடு வாடகை வீடு கேட்டுப் பார்த்து, அதன் முடிவுகளை 2015-இல் வெளியிட்டார்கள். உயர்சாதிப் பெயருக்குத் திறந்த கதவு தலித் பெயருக்கு அந்த அளவுக்குத் திறக்கவில்லை, முஸ்லிம் பெயருக்கு அதைவிடவும் குறைவாகவே திறந்தது. இந்தியாவின் ஏழு பெருநகரங்களின் வார்டு வாரியான மக்கள்தொகைக் கணக்கை எடுத்து ட்ரினா விதயத்தில், காயத்ரி சிங் ஆகியோர் 2012-இல் எழுதிய கட்டுரை இன்னும் ஒருபடி மேலே போய், நகரத்து மக்களைப் பிரித்து வைப்பதில் பொருளாதார நிலையைவிடச் சாதிக்கே பங்கு அதிகம் என்றது. அந்த ஏழில் சென்னையும் ஒன்று.

நிலத்தின் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். சித்தி இருபது வருடம் நடவு நட்ட, களை பறித்த பெரியாற்றுப் பாசன வயல் இன்று மனைப்பிரிவு. கல் ஊன்றி, வண்ணக் கொடி கட்டி, தார்ச்சாலை போட்டு வைத்திருக்கிறார்கள். வயலுக்குச் சொந்தக்காரருக்குப் பணம் வந்தது. சித்திக்கு வேலை போனது. அந்த மனையைப் பார்க்கப் போன நண்பனுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். விற்பனையாளர் தண்ணீர் வசதி, தூரம், அங்கீகாரம் என்று எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பக்கத்துல காலனி எதுவும் கிடையாது சார்." 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தது 2025 ஏப்ரலில். நல்ல அறிவிப்பு. மனை விலைப்பட்டியலிலிருந்து அந்தச் சொல்லை எப்படி நீக்குவது?

நமக்கு முன்னால் சென்னை இருக்கிறது. தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது 2000-இல். அதே ஆண்டில்தான், அதே பழைய மகாபலிபுரம் சாலையில், நகரத்துக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்காக ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் தொடங்கியது. பிறகு செம்மஞ்சேரி, அதன் பிறகு பெரும்பாக்கம். கண்ணாடிக் கட்டடங்களும் வெளியேற்றப்பட்ட மக்களின் அடுக்குமாடிகளும் ஒரே சாலையில் வந்து சேர்ந்தன. அந்த அடுக்குமாடிகளில் பெரும்பாலோர் தலித்துகள். கண்ணாடிக் கட்டடங்களைக் கூட்டிப் பெருக்க அங்கிருந்து ஆட்கள் போகிறார்கள், அதே முகவரியை எழுதிவிட்டு உள்ளே நாற்காலி வேலை கேட்டால் முகம் மாறுகிறது. மதுரையிலும் ஒத்தக்கடையைத் தாண்டி ராஜாக்கூரில் குடிசை மாற்று வாரிய அடுக்குமாடிகள் நிற்கின்றன. டைடல் பூங்கா எழும்போது யாரை எங்கே அனுப்புவது என்ற பேச்சு வந்தால், அந்தத் திசையில்தான் கை நீளும்.

வேலை கிடைத்து வீடு கிடைக்காத கதை நமக்குப் புதிதல்ல. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1917-இல் பரோடா சமஸ்தானத்தில் பணியில் சேர்ந்த அம்பேத்கருக்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். கண்டுபிடித்துத் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். நண்பர்கள் இருவரிடம் கேட்டுப் பார்த்தார், இருவருமே சாக்குச் சொன்னார்கள். பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்கு ரயிலேறினார். உயர்கல்வி இருந்தது, சம்பளம் இருந்தது, அரசாங்க உத்தியோகம் இருந்தது. சந்தை எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நம்புகிற தோழர்கள் அந்தப் பூங்காவைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

சட்டம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டவோ வாங்கவோ அதில் குடியிருக்கவோ தீண்டாமையின் பெயரால் தடை போடுவது குற்றம் என்கிறது. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, 100 முதல் 500 ரூபாய் வரை அபராதம். பட்டியலினத்தவர் மீது அப்படியொரு செயல் நடந்தால் அது தீண்டாமையால்தான் நடந்தது என்று நீதிமன்றம் முதலில் அனுமானிக்க வேண்டும் என்றுகூட அதில் இருக்கிறது. ஆனால் "வீட்டுக்காரர்ட்ட கேட்டுச் சொல்றேன்" என்று முடிந்துபோன ஓர் உரையாடலை எடுத்துக்கொண்டு எந்தக் காவல் நிலையத்துக்குப் போவது? 2017-இல் இயற்றி 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று அளந்து சொல்கிறது. யாரும் கடைப்பிடிப்பதில்லை என்பது வேறு கதை. சாதி பார்த்து வீடு மறுப்பதைப் பற்றி அதில் பேச்சில்லை.

ஐ.டி. உலகத்தின் தலைநகரங்களில் ஒன்றான சியாட்டிலில், 2023 பிப்ரவரி 21 அன்று நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. வேலைக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் சேர்த்து. நம் ஆட்கள் விமானமேறும்போது சாதியையும் கொண்டுபோனார்கள் என்பதற்கு அது சாட்சி. அதே வட்டாரத்தில், தங்களால் வீட்டு விலை ஏறியது என்ற கோபத்தைச் சமாளிக்க 2019-இல் மைக்ரோசாஃப்ட் 50 கோடி டாலரும், 2021-இல் அமேசான் வேறு சில நகரங்களுக்கும் சேர்த்து 200 கோடி டாலரும் மலிவு வீடுகளுக்கு ஒதுக்குவதாக அறிவித்தன. அதில் பெரும்பகுதி கடன்தான், தர்மம் அல்ல. ஆனாலும் பூங்கா வந்தால் வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வி அங்கே எழுந்தது. இங்கே நிலம் பொது நிலம், கட்டுவதும் அரசு நிறுவனம், அப்படியும் அந்தக் கேள்வியைக் காணோம்.

அரசால் முடியாது என்று சொல்ல வழியில்லை. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்றுச் சாலையை மறித்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை 706.50 கோடி ரூபாயில் சிப்காட் கட்டி முடித்துத் திறந்தது. அது படுக்கைதான், வீடு அல்ல. குடும்பத்தோடு இருக்க முடியாது. இருந்தாலும் அங்கே யாரும் குலசாமியைக் கேட்டுக் கட்டில் ஒதுக்குவதில்லை. அரசு ஊழியர்களுக்கான வாடகைக் குடியிருப்புகளிலும் பதிவு வரிசைதான் பேசுகிறது.

அதற்கும் முன்னால், நம் மாவட்டத்திலேயே ஒன்று நடந்தது. தமிழ்நாட்டின் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் 1998 ஆகஸ்ட் 17 அன்று திருமங்கலத்தை அடுத்த மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. 100 வீடுகள். 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, மீதம் 10 ஏனையோருக்கு. தென்மாவட்டங்கள் சாதி மோதலில் எரிந்த காலம் அது. மேலவளவு படுகொலை நடந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. சமத்துவபுரங்களைப் பற்றி எனக்கு விமர்சனம் உண்டு. ஊரைத் தொடாமல், ஊருக்கு வெளியே புதிதாக ஓர் ஊர் கட்டினோம். ஆனாலும் யாருக்குப் பக்கத்தில் யார் குடியிருப்பது என்பதை வீட்டுக்காரரின் விருப்பத்துக்கு விடாமல் அரசு தன் கையில் எடுத்தது. அதே மதுரையில் இன்று ஐ.டி. நிறுவனத்துக்கு நிலம் கொடுக்கிறோம், கட்டடம் கொடுக்கிறோம், மின்சாரமும் சாலையும் கொடுக்கிறோம். அங்கே வேலை பார்க்கப் போகிறவளின் வீட்டை மட்டும் சந்தையிடம் விட்டுவிட்டோம்.

மாட்டுத்தாவணிப் பூங்காவுக்கு நடந்துபோகும் தூரத்தில் பொது வாடகைக் குடியிருப்பு வேண்டும். ஊழியருக்கும், அங்கே கூட்டிப் பெருக்குபவருக்கும், காவல் நிற்பவருக்கும் சேர்த்து, சமத்துவபுரத்தின் விகிதத்தை வைத்து, சம்பளத்துக்கேற்ற வாடகையில். மனைப்பிரிவுகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் முன் அந்த நிலம் 1892-இல் தொடங்கிய பஞ்சமி நில ஒதுக்கீட்டில் வந்ததா என்று பழைய பதிவேட்டைப் புரட்ட வேண்டும். வீடு மறுக்கப்பட்டவர் போய் நிற்க மாநகராட்சியில் ஒரு மேசையாவது வேண்டும். 1955-இன் சட்டத்துக்கு எழுபது வயது ஆகிவிட்டது.

தங்கையின் வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதம். வரும் மாதம் முடிகிறது. உரிமையாளர் ஊர் திரும்புகிறாராம், வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். வண்டியூர்ப் பக்கம் ஒரு மாடி வீடு இருப்பதாகத் தரகர் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போகிறோம். இந்த முறை உள்ளதைச் சொல்லிவிடப் போவதாக அவள் சொல்கிறாள்.