யாருடைய விதி?

என்சிஇஆர்டியின் 12ஆம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில், பிரோசாபாத் கண்ணாடி உலைகளில் வளையல் செய்யும் சிறுவர்களைப் பற்றி அனீஸ் ஜங் எழுதிய கட்டுரை உள்ளது. தோழர் ஒருவரின் மகள் அதற்கான வினா-விடைக் கையேட்டைக் காட்டினாள். அவர்தம் வறுமைக்குக் காரணம் யாது? விதியும் குலத்தொழிலுமாம், இரண்டு மதிப்பெண்.

விதி என்பது சிறுவன் முகேஷின் பாட்டி கூறுவது. கட்டுரையாளரோ லேவாதேவிக்காரர், இடைத்தரகர், காவலர், அதிகாரி, அரசியல்வாதி என்று வலை பின்னியோரைச் சுட்டுகிறார். கூட்டுறவு அமைக்கலாகாதா என்று அவர் வினவ, அமைத்தால் காவல்துறை அடித்துச் சிறைக்கு இழுத்துச் செல்லும் என்கின்றனர் இளைஞர்கள். கையேட்டில் இவ்வுரையாடலே இல்லை. பாட்டியின் கூற்றையும் எழுதியவரின் கருத்தையும் ஒன்றாக்குவது என்ன வாசிப்பு? மொழிபெயர்ப்பில் நான் இப்பிழை செய்தால் நம் ஆசிரியர் குழு விட்டுவைக்காது.

அப்பெண் தேர்வில் அந்த ஐவரையும் எழுதப்போகிறாளாம். மதிப்பெண் குறைந்தால் விடைத்தாள் நகல் கேட்டு மனு எழுதித்தர இசைந்திருக்கிறேன்.