கரிகாலனைக் கொன்றது யார்? வாசகர் கேட்கும் தீர்ப்பும் உடையார்குடிக் கல்லும்

கதை முடிந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. சண்டை மட்டும் இன்னும் முடியவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் நாலு பேர் கூடி "பொன்னியின் செல்வன்" என்று பேச்செடுத்தால், ஐந்தாவது நிமிஷத்தில் யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டே தீருவார்: "சரி, ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?" ஒருவர் நந்தினி என்பார். ஒருவர் பெரிய பழுவேட்டரையர் என்பார். "அவனே குத்திக்கொண்டான்" என்று மூன்றாமவர் அடித்துப் பேசுவார். காப்பி ஆறிப்போகும், பதில் மட்டும் வராது.

கல்கி 1950-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தம் பத்திரிகையில் தொடங்கிய இந்தத் தொடர்கதை 1954-இல் முடிவுற்றது. ஐந்து பாகம், மூன்றரை ஆண்டு. வாரந்தோறும் மணியம் வரைந்த சித்திரத்தோடு வீட்டு வாசலில் வந்து விழுந்த கதை. அப்படிப் பழகிவிட்ட வாசகர்கள் கடைசி அத்தியாயத்தைப் படித்தார்கள். பழுவூர் இளையராணி நந்தினி குதிரையேறி எங்கோ மறைந்துவிட்டாள். வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் கல்யாணம் நடக்கவில்லை. "பொன்னியின் செல்வன்" என்று பெயர் சூட்டிய கதையிலே பொன்னியின் செல்வனுக்கு மகுடம் இல்லை. அதை அவன் சிற்றப்பன் உத்தம சோழனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான். போதாக்குறைக்கு, பாவம் அந்த மணிமேகலை, புத்தி பேதலித்து வந்தியத்தேவன் மடியிலே உயிரை விடுகிறாள். (மற்றதையெல்லாம் கல்கிக்கு மன்னித்துவிடலாம், இதை மட்டும் நம்மால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.)

வாசகர்கள் சும்மா இருப்பார்களா? திடீரென்று நிறுத்திவிட்டதாக மனக்குறை எழுந்தது. கல்கி அதைத் தட்டிக் கழிக்கவில்லை. முடிவுரை ஒன்று எழுதிச் சமாதானம் சொன்னார். சமூகக் கதைக்கும் சரித்திரக் கதைக்கும் உள்ள வேற்றுமையை எடுத்துக்காட்டினார். முழுவதும் கற்பனையான பாத்திரங்களை ஆசிரியர் இஷ்டம்போல் கரையேற்றி "சுபம்" போட்டுவிடலாம். சரித்திரத்தில் நடமாடிய மனிதர்களுக்கு அப்படிச் செய்ய முடியாது. அவர்கள் வாழ்வு கதைக்கு அப்பாலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர் வாதத்தின் சாரம் இது. அந்த ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதியே அவர் மறைந்துவிட்டார். பிறகு கேட்க ஆளில்லை.

இருட்டில் விழுந்த கத்தி

கொலை நடக்கும் கட்டத்தைச் சற்றே நினைத்துப் பாருங்கள். கடம்பூர் மாளிகை. ஓர் அறை. கரிகாலன், நந்தினி, ஒளிந்திருக்கும் வந்தியத்தேவன், மணிமேகலை, வேடம் பூண்டு வந்த பெரிய பழுவேட்டரையர், சுரங்கவழியில் பாண்டியனின் ஆபத்துதவிகள். விளக்கு அணைந்துவிடுகிறது. மீண்டும் வெளிச்சம் வரும்போது இளவரசன் பிணமாகக் கிடக்கிறான். பழி வந்தியத்தேவன் தலையில் விழுந்து அவன் பாதாளச் சிறைக்குப் போகிறான். மணிமேகலை, "நான்தான் கொன்றேன்" என்கிறாள். பெரிய பழுவேட்டரையர் தம் கைக் கத்தியே காரணம் என்று சபையில் சொல்லுகிறார். ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. குற்றவாளி அகப்படாத துப்பறியும் கதைகள் உண்டு. குற்றத்தை ஒப்புக்கொள்ள ஆட்கள் போட்டியிடும் கதை இது ஒன்றுதான் போலும்!

இந்த இருட்டைப் பொறுக்க முடியாமல் பின்வந்தவர்கள் ஆளுக்கொரு விளக்கேற்றினார்கள். விக்கிரமன் "நந்திபுரத்து நாயகி" என்று கதையைத் தொடர்ந்து எழுதினார். வேறு சிலர் வேறு குற்றவாளிகளைக் கண்டுபிடித்து நாவல் செய்தார்கள். மணிரத்னத்தின் திரைப்படம் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலுமாக இரண்டு பாகங்கள் வந்தது. இளவரசன் தானே தன் சாவைத் தேடிக்கொண்டான் என்ற பக்கமாக அது சாய்ந்தது. சேந்தன் அமுதனே உண்மையான மதுராந்தகன் என்ற நாவலின் பெரிய திருப்பத்தையும் அடியோடு விட்டுவிட்டது. நாவலைப் பாராயணம் செய்தவர்கள் கொட்டகையை விட்டு முணுமுணுத்துக்கொண்டே வெளிவந்தார்கள். படத்தை மட்டும் பார்த்த இளைஞர்கள், "இப்போதாவது முடிவு தெரிந்ததே!" என்று மகிழ்ந்தார்கள். இரு சாராரும் இன்றுவரை சமாதானமாகவில்லை.

இது தமிழர்க்கு மட்டும் உள்ள வியாதியன்று. ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் 1870-இல் "எட்வின் ட்ரூட்" கதையைப் பாதியிலே விட்டு இறந்துபோனார். அதிலும் ஓர் இளைஞன் காணாமற்போகிறான். கொன்றது யாரென்று எழுதுமுன் ஆசிரியர் போய்விட்டார். 1914-இல் லண்டனில் அவருடைய ரசிகர்கள் வழக்குமன்றமே கூட்டினார்கள். செஸ்டர்டன் நீதிபதி, ஜூரிகளின் தலைவர் பெர்னாட் ஷா! கடைசியில் நீதிபதி, தம்மைத் தவிர மற்ற எல்லோருக்கும் நீதிமன்ற அவமதிப்புக்காக அபராதம் விதித்துக் கலைத்துவிட்டார். நம் பட்டிமண்டப நடுவர்களும் இந்தத் தீர்ப்பைக் கவனத்தில் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கச் சித்திரக் கதைகளில் இந்தத் தொல்லையே இல்லை. 1992-இல் சூப்பர்மேனைக் கொன்றார்கள், ரசிகர்கள் அழுதார்கள், மறு ஆண்டே எழுப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

கரிகாலனை எழுப்ப முடியாது. அவன் மெய்யாகவே வாழ்ந்தவன், மெய்யாகவே கொல்லப்பட்டவன். வேடிக்கை இங்கேதான் வினையாகிறது. நாவலுக்கு முடிவு தேடிப் புறப்படும் ரசிகர், தம்மை அறியாமலே சரித்திர மனிதர்கள்மீது கொலைக் குற்றம் சாட்டத் தொடங்கிவிடுகிறார்.

நிலப் பத்திரத்தில் ஒரு கொலை

தஞ்சையிலிருந்து கும்பகோணம் வழியாக வடக்கே சென்று, அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டிப் போனால் காட்டுமன்னார்கோயில் வரும். அதை ஒட்டியது உடையார்குடி. வந்தியத்தேவன் ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று குதிரையில் வருவதாகக் கதை தொடங்குகிறதே, அந்த வீராணம் ஏரி அருகிலேயே இருக்கிறது. கடம்பூரும் தூரத்தில் இல்லை. (கொலை கடம்பூரில் நடந்ததென்பது கல்கியின் கற்பனை. நடந்த இடத்தைச் சரித்திரம் சொல்லவில்லை.) உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலின் கருங்கல் சுவரில் உள்ள ஒரு கல்வெட்டுத்தான் இந்த வழக்கின் முதற் சாட்சி. திரைப்படம் வந்த பிறகு வெளியூர்க்காரர்கள் வந்து, "கொலைக் கல்வெட்டு எங்கேங்க?" என்று விசாரிக்கிறார்கள்.

உண்மையில் அது கொலைக் கல்வெட்டு அல்ல, நிலக் கல்வெட்டு. இராஜராஜனுடைய இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர் பெரும்பாலோர் கொள்கை. அதாவது 987-ஐ ஒட்டிய காலம். கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாஸனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன் ஆகியோரை அது குறிப்பிடுகிறது. இவர்களுடைய நிலங்களைப் பற்றி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் திருமுகம் அனுப்புகிறான். நிலம் பறிமுதலாகிறது. பிறகு ஒருவர் அதை விலைக்கு வாங்கி, கோயிலில் தண்ணீருக்கும் உணவுக்கும் தர்மமாக எழுதி வைக்கிறார். அந்தத் தர்மத்துக்கு வில்லங்கம் வரக்கூடாதல்லவா? அதனால்தான் நிலம் யாருடையது, ஏன் கைமாறியது என்று கல்லில் வெட்டிவைத்தார்கள்.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் பக்கத்தில் மனிதர் செத்த சேதி மறந்துபோகும். வேலிக்கணக்கும் பட்டாவும் மறக்காது. சோழ இளவரசன் ஒருவனின் கொலை நமக்குத் தெரியவந்ததே ஒரு நில விற்பனையின் வில்லங்கக் குறிப்பினால்தான். சோழர் தம் குலப்பெருமையை விரித்துரைக்கும் திருவாலங்காட்டுச் செப்பேடுகள், கரிகாலன் விண்ணுலகு காண விரும்பிப் போய்விட்டான் என்று நாசூக்காகச் சொல்லி நகர்ந்துவிடுகின்றன. மக்கள் அருள்மொழியை அரசனாகும்படி வேண்டியதாகவும், சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும்வரை தனக்கு வேண்டாம் என்று அவன் மறுத்ததாகவும் அவை கூறும். ஆனால் அவை இராஜராஜன் மகன் இராஜேந்திரன் காலத்தில் எழுதப்பட்டவை. வென்றவர் வீட்டுச் சாட்சியம் என்பதை மறக்கக்கூடாது.

இனி கல் சொல்லாதவற்றைப் பார்ப்போம். கொலை எப்போது நடந்தது என்று இல்லை. ஏன் நடந்தது என்று இல்லை. பின்னாலிருந்து தூண்டியவர் உண்டா என்று இல்லை. மூன்று பேரில் ஒருவர் பட்டம் பாண்டியனை நினைவூட்டுகிறது. மற்றொருவர் பட்டம் சோழனுடையது. பாண்டியனுக்காகப் பழிவாங்கினார்கள் என்பவருக்கும் இடமுண்டு. சோழ அரண்மனைக்குள்ளேயே சதி என்பவருக்கும் இடமுண்டு. கல்கி முதற்கட்சியை எடுத்துக்கொண்டு வீரபாண்டியனின் ஆபத்துதவிகளைப் படைத்தார்.

கரிகாலன் இறந்தது ஏறத்தாழ 970-ஐ ஒட்டி. அடுத்து அரசனான உத்தம சோழன் 985 வரை ஆண்டான். அவ்வளவு காலம் கழித்தா நிலம் பறிமுதல்? இந்த இடைவெளிதான் சந்தேகத்தின் ஊற்று. உத்தம சோழன் குற்றமற்றவன் என்று விட்டுவிட நீலகண்ட சாஸ்திரியாருக்கு மனம் ஒப்பவில்லை. கும்பகோணத்தை அடுத்த திருப்புறம்பியத்தில் பிறந்த சதாசிவ பண்டாரத்தார், உத்தமனைக் குற்றவாளியாக்க மறுத்தார். கல்கி இருவர் நூல்களையும் கற்றவர்.

நம் அபிப்பிராயத்தைக் கேட்டால், பண்டாரத்தார் பக்கமே நியாயம் கூடுதல் என்று தோன்றுகிறது. உத்தம சோழனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராஜராஜன் ஆட்சியில் கோயில் காரியங்களை மேற்பார்க்கும் பொறுப்பில் இருந்தான். இராஜராஜன் தன் மகனுக்கு மதுராந்தகன் என்றே பெயர் வைத்தான். அண்ணனைக் கொல்வித்தவன் பெயரையா பிள்ளைக்கு வைப்பான்? ஆனாலும் இது ஊகந்தான். இதைக் கொண்டு ஒருவரை விடுதலை செய்யலாம். வேறொருவரைத் தூக்கில் போட முடியாது.

இந்த எச்சரிக்கையைத்தான் இன்றைய விவாதங்களில் காணோம். வீட்டிலே நாவலைப் பற்றித் தொடங்கும் பேச்சு, தெருமுனைக்குப் போவதற்குள் கல்வெட்டுக்குத் தாவிவிடுகிறது. ஒரு சாரார் உத்தம சோழன் என்கிறார்கள். குந்தவையே தம்பிக்காகச் செய்தாள் என்று நாவல் எழுதியவர்களும் உண்டு. வேறொரு சாரார் அந்த மூவரின் சாதியைப் பிடித்துக்கொண்டு, ஆயிரம் ஆண்டுக் கணக்கை இன்று வாழ்பவர்மீது தீர்க்கப் பார்க்கிறார்கள். மறுபுறத்தார் மூவரும் வெறும் கருவிகள் என்று காப்பாற்ற ஓடிவருகிறார்கள். இரு தரப்பும் கல்லை முழுவதும் படித்ததாகத் தெரியவில்லை. கல்கி இருட்டை இருட்டாகவே விட்டது பலவீனமல்ல என்று நாம் நினைப்பதும் இதனால்தான். ஆதாரம் எங்கே நிற்கிறதோ அங்கே அவர் கதையும் நின்றது. இல்லாத தீர்ப்பை அவர் எழுதியிருந்தால் அதுவே இன்று சரித்திரமாகியிருக்கும். அவர் எழுத்தின் செல்வாக்கு அப்படி.

கல்லை முழுவதும் படித்தவர்கள் இன்னொன்றையும் காண்பார்கள். பறிமுதலானது அந்த மூவரின் நிலம் மட்டுமல்ல. தம்பிமார், பிள்ளைகள், பெரியப்பன் முறையினர், தாயோடு பிறந்த மாமன்மார், பெண் கொடுத்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள், மகள்களை மணந்தவர்கள் என்று பட்டியல் நீளுகிறது. உறவுமுறைதான் எழுதியிருக்கிறதே தவிர, அவர்கள் செய்த குற்றம் எழுதியிருக்கவில்லை. அவர்களில் யாருக்குச் சதியில் பங்கு இருந்தது, யாருக்கு இல்லை என்று சபையார் விசாரித்தார்களா என்பதற்கு அந்தச் சுவரில் ஒரு வரியும் கிடையாது.