சேலைத் தலையணையும் கணக்குக் கொப்பியும்



சென்ற மாதம் சேமிப்புக் குழுக்களின் கணக்கு வழக்குகள் பற்றி எழுதியிருந்தேன். கணக்கே இல்லாமல் தொழில் தொடங்கிய ஓர் அக்காவைப் பற்றி இம்மாதம் எழுதுகிறேன். கண்டாவளைப் பக்கத்தில் இருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

2016ஆம் ஆண்டு அவரது பக்கத்து வீட்டில் ஒரு வயோதிபத் தாய் காலமானார். அந்த வீட்டில் ஒன்பது வயதுப் பேத்தி ஒருத்தி. அம்மம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடியே நித்திரை கொண்டு பழகிய பிள்ளை. எட்டுச் செலவு முடிந்த பின்னரும் இரவில் எழும்பி எழும்பி அழுதிருக்கிறாள். இறந்தவரின் துணிமணிகளை வழக்கப்படி கழித்துவிட்டார்கள். கொடியில் கிடந்த ஒரு வொயில் சேலை மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. அக்கா அதைக் கேட்டு வாங்கி, ஒரு பாதியில் சின்னத் தலையணை தைத்து, இலவம் பஞ்சு அடைந்து, முப்பத்தோராம் நாள் பிள்ளையின் கையில் கொடுத்தார்.

"ஏனக்கா அப்படித் தோன்றியது?" என்று கேட்டேன்.

"2009இல நாங்கள் ஒரு பையோடதான் வெளிக்கிட்டனாங்கள். அதுவும் மாத்தளனோட போச்சு. இவரின்ர எண்டு சொல்ல என்னட்ட ஒரு சாறத்துண்டுகூட இல்லைத் தங்கச்சி. வைச்சிருக்கிற சனமாவது கவனமா வைச்சிருக்கட்டும் எண்டுதான்."

அந்தத் தலையணையைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அம்மாவின் சேலை, ஐயாவின் சால்வை, அண்ணனின் சாறம். அக்கா எதற்கும் விலை சொல்லவில்லை. சிலர் 500 ரூபா வைத்துவிட்டுப் போனார்கள். சிலர் தேங்காய் தந்தார்கள். சிலர் கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போனார்கள். அதேநேரம் அக்காவின் பெயர் கடைக்காரரின் கடன் கொப்பியில் ஏறிக்கொண்டிருந்தது.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டமொன்றில் 2023இல் அவரைச் சந்தித்தேன். இருவரும் முற்றத்தில் பாயை விரித்து ஒரு தலையணையின் செலவைப் பார்த்தோம். உள்ளுறைத் துணி, பஞ்சு, நூல், பரந்தன் போய்வரப் பஸ் காசு எல்லாமாக 650 ரூபா. 2022 நெருக்கடியில் நூலும் துணியும் ஏறிய ஏற்றம் உங்களுக்குத் தெரியும். ஆக, 500 ரூபா தந்தவர்களின் வேலைக்குக்கூடத் தன் கையிலிருந்து 150 ரூபாவையும் ஒரு நாள் உழைப்பையும் போட்டுக்கொண்டிருந்தார். கணக்கைக் காட்டியதும் நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

"செத்த வீட்டுச் சனத்திட்டக் காசு கேக்க எனக்கு வாய் வராது."

பெண்கள் செய்யும் ஆறுதல் வேலை எவருடைய கணக்கிலும் வருவதில்லை என்று சமூகவியல் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அவர் முன்னால் அந்த வசனங்கள் ஒன்றும் உதவவில்லை. கடைசியில், "பந்தல்காரர் காசு வாங்குகிறார், கதிரை வாடகைக்குத் தருபவர் வாங்குகிறார், ஐயர் தட்சணை வாங்குகிறார், யாராவது குறை சொல்கிறார்களா?" என்றேன். "ஐயரும் நானும் ஒண்டோ?" என்று சிரித்தார். ஆனாலும் விலை போடச் சம்மதித்தார். ஒரு தலையணை 1,800 ரூபா. துணியில் கத்தரிக்கோல் வைக்க முன்னரே விலையைச் சொல்லிவிட வேண்டும். இயலாதவர்களிடம் செலவுக் காசு மட்டும், அல்லது அதுவும் இல்லை. ஆனால் அதையும் கொப்பியில் வேறு பக்கத்தில் எழுத வேண்டும். மாதத்தில் எத்தனை பேருக்குச் சும்மா கொடுக்கத் தாங்கும் என்பது அந்தப் பக்கத்தைப் பார்த்தால்தான் விளங்கும்.

இன்னொன்றும் அப்போதுதான் வெளித்தது. இழவு வீட்டை எதிர்பார்த்து அடுப்பு மூட்ட முடியாது. அப்படி எதிர்பார்க்கவும் கூடாது. பிறந்த பிள்ளையைப் பழஞ்சேலையில் கிடத்துவது எங்கள் வழக்கம்தானே. அந்த மெத்தென்ற நூல் சேலைகளை மூன்று அடுக்காக வைத்து, நூலோட்டம் போட்டு, குழந்தை விரிப்புகள் தைக்கத் தொடங்கினார். இன்று வருமானத்தில் பெரும்பங்கு அவற்றால்தான் வருகிறது. இது புதுமையும் அல்ல. வங்காளப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் விரிப்புக்குக் காந்தா என்று பெயர். பங்களாதேசில் 1971 யுத்தத்தின் பின்னர் அது பல பெண்களுக்குச் சம்பாத்தியமானது. சிலி நாட்டில் 1973 இராணுவச் சதியின் பின் காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவியரும் துணித்துண்டுகளை ஒட்டுத்தையல் போட்டுப் படங்களாக்கினார்கள். அர்பியேரா என்ற அந்தப் படங்களைக் கத்தோலிக்கத் திருச்சபை வெளிநாடுகளில் விற்றுக் கொடுத்தது. துணியோடு செய்தியும் கடல் கடந்தது.

நான் விட்ட பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு கண்காட்சிக்கு அக்காவின் விரிப்புகளைக் கொண்டு போனபோது, "போரினால் பாதிக்கப்பட்ட பெண்ணின் கைவேலை" என்று அட்டை எழுதி ஒட்டினேன். நல்லாக விற்கும் என்ற எண்ணம். அக்கா வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொரு அட்டையாக உரித்தார். "தையல் நல்லாயிருந்தா வாங்கட்டும்" என்றார். அன்று எட்டு விரிப்புகளில் ஐந்துதான் விற்றன. நான் அட்டை எழுதுவதை விட்டுவிட்டேன்.

இவ்வேலையைச் செய்ய விரும்பும் சகோதரிகளுக்காக அவரது முறைகளில் சிலவற்றைக் கேட்டு எழுதினேன். துணியைக் கையில் எடுத்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "தோய்க்கவோ, அப்பிடியே விடவோ?" என்பதுதான். சிலருக்கு அந்த வாசம்தான் வேண்டும். தோய்த்துவிட்டால் பிறகு என்ன செய்தும் அது வராது. அடுத்து, துணியை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பெருவிரலாலும் மெல்ல இழுத்துப் பார்ப்பார். இழை விடுகிற துணி என்றால் மெல்லிய பருத்தித் துணியை அடியில் வைத்துத் தைப்பார். நைலோன் சேலை வழுக்கும். முதலில் கையால் பெருந்தையல் போட்டுவிட்டுத்தான் மெசினில் வைப்பார். பஞ்சை நேரே சேலைக்குள் அடைவதில்லை. உள்ளுறை வேறாக இருந்தால்தான் மேலுறையைக் கழற்றலாம். வெட்டி மிஞ்சிய துண்டுகளை, நூலளவு என்றாலும், ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அது மற்றவருடைய பொருள்.

சென்ற வருடம் ஒரு அம்மா மகனின் சேட் ஒன்றோடு வந்தார். மகன் 2009இல் காணாமலாக்கப்பட்டவர். தலையணை தைத்துத் தரும்படி கேட்டவர், அக்கா கத்தரிக்கோலை எடுத்ததும் சேட்டைப் பறித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அக்கா கத்தரிக்கோலைத் தூர வைத்தார். பிறகு அளவெடுத்து, புதுத் துணியில் உறை ஒன்று தைத்து, நான்கு தெறி வைத்து, சேட்டை வெட்டாமல் மடித்து உள்ளே வைத்துக் கொடுத்தார். வேண்டியபோது திறந்து எடுக்கலாம். மகன் வந்தால் போடலாம்.

அக்கா அன்று காசு வேண்டாம் என்றார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சும்மா தாறதுக்கு இதென்ன செத்த வீட்டு வேலையோ? என்ரை பிள்ளையின்ரை உடுப்புக்குத் தைச்சனீர், கூலியைச் சொல்லும்" என்றார். அக்கா 900 ரூபா சொன்னார். எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார் அந்த அம்மா. ஆறுதலுக்குக் காசு வாங்குவது பற்றி நான் அக்காவிடம் பேசிய பேச்சையெல்லாம் விட அந்த ஒரு சம்பவம்தான் அவரைத் தெளியவைத்தது என்று நினைக்கிறேன். என்னையும்தான்.

இப்போது அவருடன் இன்னும் இரண்டு பெண்கள் தைக்கிறார்கள். கூலி துண்டுக் கணக்கில். கிராம அலுவலரின் கடிதத்தோடு பிரதேச செயலகம் போய் வியாபாரப் பெயரைப் பதிவதற்கு விண்ணப்பித்திருக்கிறார். பதிவு இருந்தால் கண்காட்சிகளில் இடம் கேட்பதும், வங்கியில் கதைப்பதும் இலகு. இரண்டாவது மெசின் ஒன்று வேண்டும். வீடு தேடி வந்து வாராந்தம் அறவிடும் கடன்காரர் ஒருவர் உடனே தருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் வேண்டாம் என்கிறேன். சங்கத்தில் முறை வர ஐந்து மாதம் ஆகும். அக்கா இன்னும் முடிவு சொல்லவில்லை. நான் போன கிழமை போனபோது கொப்பியை விரித்து வைத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்.