கண்டதை எழுதுதலும் கூட்டைக் காத்தலும்



பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை அமெரிக்க நாட்டில் கிறிஸ்மஸ் காலத்து வேட்டை விளையாட்டு ஒன்று வழக்கில் இருந்தது. ஆடவர் இரு அணிகளாகப் பிரிந்து துப்பாக்கிகளுடன் புறப்படுவர். மிகுதியான பறவைகளையும் விலங்குகளையும் சுட்டுக் குவித்த அணியே வென்ற அணி. 1900-ஆம் ஆண்டில் ஃபிராங்க் சாப்மன் என்னும் பறவையியலார், சுடுவதை விடுத்து எண்ணுவோம் என அழைத்தார். அவ்வாண்டுக் கிறிஸ்மஸ் நாளில் 27 பேர் 25 இடங்களில் பறவைகளை எண்ணினர். அக்கணக்கெடுப்பு இன்றளவும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. கொல்லக் குறிபார்த்த கண், காக்கக் கணக்கெடுக்கும் கண்ணாயிற்று.

தமிழகத்திலும் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைகளை எண்ணுகின்றனர். வீட்டுக் கொல்லையிலோ ஏரிக்கரையிலோ குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளைக் குறித்து, கைப்பேசி வழியாக 'ஈபேர்டு' என்னும் பொதுப் பதிவேட்டில் சேர்க்கின்றனர். செடி, வண்டு, தவளை முதலிய அனைத்துக்கும் 2008-இல் தோன்றிய 'ஐ-நேச்சுரலிஸ்ட்' உண்டு.

இதனால் விளையும் பயன் யாது? சிட்டுக்குருவி நாடெங்கும் அழிந்தொழிகிறது என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020-இல் அறிக்கை ஒன்று வெளிவந்தது. 15,500 பறவை ஆர்வலர் தந்த ஒரு கோடிக்கு மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்து எழுதப்பட்டது அது. பெருநகரங்களில் குருவி குறைந்துவரினும், நாடளவில் ஏறத்தாழ நிலையாகவே உள்ளது என்று அது காட்டியது. எளிய மக்களின் குறிப்புகள் ஒன்றுசேர்ந்து, வாய்வழிச் செய்தியைத் திருத்தின.

ஆயினும் குறிப்பு உண்மையாக இருந்தாலன்றி அது உதவாது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரக் காப்பகத்தில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி கே. எம். மேத்யூ, 1980-களில் தமிழ்நாட்டுத் தாவரங்களைப் பற்றிப் பெருநூல் வெளியிட்டார். இத்தகைய காப்பகங்களில் ஒவ்வொரு தாளிலும் செடியுடன், அது எடுக்கப்பட்ட இடமும் நாளும் எழுதப்பட்டிருக்கும். இவையின்றேல் அது வெறும் காய்ந்த தழையே. கைப்பேசிப் படத்துக்கும் இதே விதி பொருந்தும். நாளும் இடமும் சரியாக இருத்தல் வேண்டும். தொட்டியில் வளர்த்த செடியை வளர்த்தது என்றே குறித்தல் வேண்டும். பிறர் எடுத்த படத்தை நமதென்று இடலாகாது. அரிய பறவையை மட்டும் எழுதிக் காகத்தையும் மைனாவையும் விட்டுவிடுதல் முறையன்று. பொதுவானவை குறையும்போது அதை அறிவிப்பதும் இக்கணக்கே. பெயர் தெரியாவிடில் 'ஒருவகைத் தவளை' என்று எழுதினால் போதும். அறிந்தவர் பெயர் சொல்வர். ஐ-நேச்சுரலிஸ்டில், பெயர் சொன்னோரில் மூன்றில் இரு பங்குக்கு மேற்பட்டோர் ஓர் இனப்பெயரில் ஒன்றுபட்டால்தான் பதிவு ஆய்வுக்குத் தக்கதாகின்றது. நாம் இட்ட பெயரை முன்பின் அறியாத ஒருவர் திருத்தினால், அதை ஏற்கும் மனமும் வேண்டும்.

இனி, இன்றியமையாத மற்றொன்று. உண்மையைச் சொல்ல வேண்டும். ஆயினும் எல்லா உண்மையையும் எல்லார்க்கும் சொல்ல வேண்டியதில்லை. இந்தோனேசியாவின் ரோட்டே தீவில் வாழும் பாம்புக்கழுத்து ஆமை, 1994-இல் தனியினம் என்று அறிவிக்கப்பட்டது. வளர்ப்புப் பிராணி வணிகர் அதை நாடிச் சென்றனர். சில ஆண்டுகளிலேயே அது அழிவின் விளிம்பை எட்டியது. இருப்பிடம் தெரிவதே சில உயிர்களுக்கு எமனாகின்றது.

இதனால்தான் அருகிவரும் இனங்கள் பலவற்றின் சரியான இடத்தை ஐ-நேச்சுரலிஸ்ட் தானே மறைத்து, பக்கத்துக்கு 20 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கட்டமாக மட்டும் காட்டுகின்றது. எப்பதிவின் இடத்தையும் இவ்வாறு மங்கலாக்க நமக்கும் உரிமை உண்டு. ஆந்தைக் கூடு, நட்சத்திர ஆமை, அரிய ஆர்க்கிட் மலர் ஆகியவற்றைக் கண்டால் அவ்வுரிமையைப் பயன்படுத்துவோம். ஆனால் பதிவேட்டில் மறைத்துவிட்டு, அதே படத்தை வாட்ஸ்அப் குழுவில் ஊரும் தெருவும் குறிப்பிட்டு அனுப்பினால் மறைத்ததன் பயன் என்ன? குஞ்சு உள்ள கூட்டை நெருங்கிப் படமெடுப்பதும் வேண்டாம். தாய்ப்பறவை அஞ்சிக் கூட்டைக் கைவிடவும் கூடும்.

பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளைகள் கொல்லைப்புறத்துப் பட்டாம்பூச்சியை நாள்தோறும் பதிந்தால், வரைபடத்தில் உங்கள் வீடே புள்ளியாகத் தெரியும். வீட்டுப் பதிவுகளின் இடத்தையும் மங்கலாக்கிவிடுங்கள். சிறு பிள்ளைகள் உங்கள் கணக்கில், உங்கள் அருகிலிருந்தே பதியட்டும்.

வரும் ஞாயிறு மாலை கால்மணி நேரம் குடும்பமாக வெளியே அமருங்கள். பாட்டி பெயர் சொல்லட்டும், பேரன் எண்ணட்டும், யாரேனும் எழுதட்டும். கண்டது ஐந்து காகங்களும் ஓர் அணிலும்தானா? அதையே எழுதுங்கள், அதுவும் நல்ல கணக்கே.