மணி தென்காசியில், கயிறு கலிஃபோர்னியாவில்!

பண்பொழியிலிருந்து ஒருவர் அரட்டை செயலியில் "சாப்டாச்சா?" என்று அனுப்புகிறார். தென்காசியில் ஒரு ஐபோன் 'டிங்' என்கிறது. அந்த டிங்கைக் கொடுத்தது யார்? அரட்டையை எழுதிய ஸோஹோ என்று நினைத்தால் தப்பு. ஆப்பிள்! மூடிக்கிடக்கும் செயலிக்கு வந்த சேதியைச் சொல்ல, ஐபோனில் ஆப்பிள் சர்வரை விட்டால் வேறு வழி கிடையாது. 2009-லிருந்து இதே கதைதான். ஆண்ட்ராய்டில் பெரும்பாலான செயலிகளுக்கு இந்த வேலையைக் கூகுள் செய்கிறது.

2025 செப்டம்பரில் அரட்டைக்கு யோகம் அடித்தது. தினம் 3,000 பேர் சேர்ந்த இடத்தில், மூன்றே நாளில் 3,50,000 ஆனது என்றார் ஸ்ரீதர் வேம்பு. எங்கும் 'சுதேசி' மேளம். மத்தளம்பாறையில் ஆபீஸ் வைத்திருக்கும் கம்பெனி ஆச்சே, தென்காசிக்காரர்களுக்குப் பெருமை இருக்கத்தான் செய்யும். சரி, வாசல் மணி மட்டும் ஏன் இன்னும் இரவல்?

"இலவசம்தானே, என்ன நஷ்டம்?" என்பார்கள். ஒரே சப்ளையரை நம்பிக் கடை போட்டால் என்ன ஆகும் என்று காமர்ஸ் பையன்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம் :-) 2019 மே மாதம் அமெரிக்க அரசு ஹுவாவேயைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அதன் புதிய போன்களுக்குக் கூகுள் சேவை போச்சு, கூடவே மணியும் போச்சு. ஹுவாவேயிடம் காசு இருந்தது, சொந்தமாக ஒன்று கட்டிக்கொண்டது. செங்கோட்டையில் நாலு பேர் சேர்ந்து எழுதும் செயலி என்ன செய்யும்?

இன்னொன்று. எந்த செயலி, எந்த நேரத்தில், யாருடைய போனைத் தட்டியது என்ற கணக்கு நடுவில் இருப்பவரிடம் தங்குகிறது. அரசுகள் இந்தக் கணக்கை ஆப்பிளிடமும் கூகுளிடமும் கேட்டு வாங்குகின்றன என்று 2023 டிசம்பரில் அமெரிக்க செனட்டர் ரான் வைடன் போட்டு உடைத்தார். ஆப்பிளும் மறுக்கவில்லை.

கூகுள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஒவ்வொரு செயலியும் தனித்தனியாக சர்வரோடு தொங்கிக்கொண்டிருந்தால் பேட்டரி மத்தியானத்துக்குள் காலி. ஆகவே ஒரே இணைப்பு வேண்டும், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அது கூகுளுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

யுனிஃபைட்புஷ் என்ற திறமூல ஏற்பாடு கேட்பது இதைத்தான். இணைப்பைப் பிடித்துக்கொள்ளும் செயலியைப் பயனரே தேர்ந்தெடுக்கலாம். 'நோட்டிஃபை' (எழுதுவது என்.டி.எஃப்.ஒய்.) அப்படி ஒன்று. விருப்பப்பட்டால் சர்வரையும் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். வெப் புஷ் என்ற பொதுத் தரம் 2016-லேயே வந்துவிட்டது. சேதியைப் பூட்டி அனுப்புவதற்கும் முறை இருக்கிறது, நடுவில் இருப்பவர் பிரித்துப் படிக்க முடியாது. எலிமென்ட், டஸ்கி போன்ற செயலிகளில் இது ஏற்கெனவே ஓடுகிறது.

மெசேஜ் செயலிகள் யுபிஐ போல, மின்னஞ்சல் போல ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று 2025-ல் சொன்னவரும் வேம்புதான். ரொம்ப சரி. அப்படியானால் முதலில் மணியைத் திறந்து விடுங்கள் சார்! ஆண்ட்ராய்டு அரட்டையின் செட்டிங்ஸில் 'கூகுளா, யுனிஃபைட்புஷ்ஷா?' என்று ஒரு தேர்வு, அவ்வளவுதான் கேட்பது. அரசு செயலிகளுக்கு டெண்டர் விடுகிறவர்களும் இதை ஒரு நிபந்தனையாகப் போடலாம்.

ஐபோன்காரர்களுக்கு இப்போதைக்கு விடிவு இல்லை, ஆப்பிள் கதவைத் திறந்தால்தான் உண்டு. ஆண்ட்ராய்டுக்காரர்கள் எஃப்-டிராய்டில் நோட்டிஃபையை இறக்கி இன்றைக்கே போட்டுப் பார்க்கலாம். பேட்டரி செட்டிங்ஸில் அதற்கு மட்டும் விலக்கு கொடுக்க மறக்க வேண்டாம், இல்லையென்றால் சில போன்கள் அதைத் தூங்க வைத்துவிடும்.